கணக்கு சரியாக வருகிறது, மனம் ஒப்பவில்லை: அறிவார்ந்த வடிவமைப்பும் நிகழ்தகவும்

கேள்வி: கணக்கு டீச்சர், தாராபுரம் பக்கம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்காரர் நான்கு காங்கேயம் மாடுகளையும் கொஞ்சம் ஆடுகளையும் வைத்துக்கொண்டு கொறங்காட்டைப் பார்த்துக்கொள்கிறார். உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. கேள்வியில் பிழை இருந்தால் திருத்துங்கள்; கேலி மட்டும் வேண்டாம்.

பட்டிப் பொங்கலுக்குக் கொழுந்தனார் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மென்பொருள் வேலை. சின்ன வயதில் என்னிடம் கணக்குப் படித்தவன்தான். மாடு தெப்பக்குளம் மிதித்து முடித்து, எல்லாருமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது செல்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். "பெரியம்மா, இதில் கணக்குத் தப்பு இருந்தால் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்றான். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் இப்படிச் சொல்லக் கூடாது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

காணொளியின் சாரம் இது. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மணிகள் 20 வகை. 150 மணி கொண்ட மாலை ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒவ்வோர் இடத்துக்கும் 20 வாய்ப்பு. மொத்தம் 20-இன் அடுக்கு 150. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்புறம் போட்டுப் பார்த்தேன். 20-இன் மடக்கை 1.3010. அதை 150-ஆல் பெருக்கினால் 195.15. அதாவது 1-க்குப் பின்னால் 195 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணையும் தாண்டுகிறது. எதிர்ப்பக்கம் இன்னொரு கணக்கு. காணக்கூடிய பிரபஞ்சத்தில் துகள்கள் 10-இன் அடுக்கு 80. ஒரு துகளுக்கு ஒரு நொடியில் நேரக்கூடிய மாற்றங்கள் மிஞ்சிப் போனால் 10-இன் அடுக்கு 45. காலத்துக்குத் தாராளமாக 10-இன் அடுக்கு 25 நொடிகள். மூன்றையும் பெருக்கினால் அடுக்கு 150. பிரபஞ்சம் முழுவதும் சோறு தண்ணீர் இல்லாமல் சோழி உருட்டினாலும் அத்தனை முறைதான் உருட்ட முடியும். 195 எங்கே, 150 எங்கே? ஆகவே புரதம் தானாக வந்திருக்காது, வடிவமைத்தவர் ஒருவர் உண்டு என்று முடிக்கிறார்கள். இந்தக் கருத்துக்குத்தான் அறிவார்ந்த வடிவமைப்பு என்று பெயர். 150 என்ற இந்த வரம்பு வில்லியம் டெம்ப்ஸ்கி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1998-இல் வெளியிட்ட நூலில் உள்ளதாம்.

விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் படிப்படியாக மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்திருப்பேன். கடைசி வரியில் மட்டும் சிவப்பு மைப் பேனா நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று ஓரத்தில் எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

முதலில் தோன்றியது சீட்டுக்கட்டு. 52 சீட்டுகளையும் கலைத்து வரிசையாகப் பரப்பினால், வந்த வரிசை எதுவானாலும் அது 52-இன் காரணீயப் பெருக்கத்தில் ஒன்று, சுமார் 8 பெருக்கல் 10-இன் அடுக்கு 67-இல் ஒன்று. அவ்வளவு அரியது நடந்துவிட்டதே என்று யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. இதோடு முடித்துவிடலாம் என்று பார்த்தால், டெம்ப்ஸ்கி இதற்கும் பதில் வைத்திருக்கிறார். அரியதாக இருந்தால் மட்டும் போதாது, நடந்ததைப் பாராமல் தனியாகச் சொல்லக்கூடிய ஓர் அமைப்போடும் அது பொருந்த வேண்டும் என்கிறார். கலைத்த கட்டில் ஆசு முதல் ராஜா வரை நான்கு இனமும் வரிசையாக வந்தால் நாமும் ஆளை ஒரு பார்வை பார்ப்போம் அல்லவா? அதைப் போல.

அந்தப் "பாராமல்" என்ற சொல்லில் எனக்கு வேறொரு நினைவு வந்தது. நான் கிருத்திகை தவறாமல் சிவன்மலை ஏறுகிறவள். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருப்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவன் ஒரு பொருளைச் சொல்வான். பூ கேட்டு உறுதி செய்துகொண்டு அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கே இருக்கும். அந்தப் பொருளை ஒட்டி நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. பெட்டியில் மஞ்சள் இருக்கும்போது ஈரோட்டில் மஞ்சள் விலை ஏறினால் உத்தரவு பலித்தது என்போம். இறங்கினாலும் பலித்தது என்போம். என் பக்தியில் குறை வைத்துச் சொல்லவில்லை; நடந்த பிறகு பொருத்திப் பார்ப்பதற்கும் நடக்குமுன் சொல்லி வைப்பதற்கும் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதைச் சொன்னதற்கு வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதில் எனக்கு வழக்கில்லை. மடக்கைக் கணக்கின் கடைசி வரியில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் உறுத்துகிறது. பிழை கணக்குக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வக்கீல், ஈரோடு

அம்மா, இது அமெரிக்காவில் 2005 டிசம்பர் 20-ஆம் தேதியே தீர்ப்பான விஷயம். பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற ஊர்ப் பள்ளி வாரியம், அறிவார்ந்த வடிவமைப்பைப் பற்றி மாணவர்களுக்கு ஓர் அறிவிப்பு வாசிக்க வேண்டும் என்றது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத்தில், இது அறிவியல் அல்ல, மதக்கருத்தின் மறுவடிவம் என்று எழுதிவிட்டார். அதில் எனக்குப் பிடித்த சாட்சியம் ஒரு பாடநூலின் பழைய கையெழுத்துப்படிகள். படைப்புவாதத்தைப் பள்ளியில் நடத்தக் கூடாது என்று 1987-இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு, "படைப்பு" என்று இருந்த இடங்களிலெல்லாம் "வடிவமைப்பு" என்று மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. பத்திரத்தில் அடித்தல் திருத்தலைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்கள்.

கணக்கு டீச்சர்

நன்றி வக்கீல் ஐயா. ஆனால் அந்த நீதிபதி கொண்டுவந்தவர்களின் நோக்கத்தையும் அது அறிவியல் முறைக்குள் வருகிறதா என்பதையும் பார்த்திருக்கிறார். என் காலண்டர் தாளில் எந்தப் படி தப்பு என்று அவர் சொல்லவில்லையே. திருடன் போட்ட கூட்டலும் சரியான கூட்டலாக இருக்கலாம்.

பதில் 2: கரும்புக்காரன், வடவள்ளி

டீச்சரம்மா, நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. கோவையில் கரும்பு ஆராய்ச்சி வயலில் இருபத்தாறு ஆண்டுகள் உதவியாளாக இருந்தேன். கணக்கு எனக்கு வராது. கரும்பைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

விவசாயி நடுவது கரணை. கரணையிலிருந்து வருவது தாயின் அச்சு அசல். ஆனால் கரும்பு பூத்து விதை பிடித்தால் கதையே வேறு. எல்லா ஊரிலும் அது எளிதாகப் பூத்து விதை கட்டாது. கோவைத் தட்பவெப்பத்தில் கட்டும். 1912-இல் ஆராய்ச்சி நிலையத்தை இங்கே கொண்டுவந்து வைத்ததற்குக் காரணமே அதுதான். விதை என்றால் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு மாதிரி பறக்கும். அதைத் தொட்டியில் தூவி முளைக்கவிட்டால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஆயிரம் நாற்றும் ஆயிரம் விதம். ஒன்று விரல் மொத்தம், ஒன்று மணிக்கட்டு மொத்தம். ஒன்று இனிக்கும், ஒன்று சப்பென்று இருக்கும்.

1918-இல் வந்த கோ 205 ரகம் அப்படிப் பிறந்ததுதான். இனிப்பான தடிக்கரும்பையும் நாணல் மாதிரி ஆற்றோரம் வளரும் காட்டுக்கரும்பையும் கலந்தார்கள். பஞ்சாபின் குளிரைத் தாங்கி நின்றது. அந்தக் கலப்பில் ஒரு வேடிக்கை உண்டு. குரோமோசோம்களில் தாய் பாதி, தகப்பன் பாதி தருவதுதானே முறை? முதல் கலப்பில் தடிக்கரும்புத் தாய் தன் பங்கைப் பாதியாக்காமல் முழுசாகவே தூக்கிக் கொடுத்துவிடும். இந்த ஏற்பாட்டை எங்களில் யாரும் செய்யவில்லை. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930-களில் இங்கே இருந்தபோது கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தார் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். இருபத்தாறு ஆண்டில் ஒரு கரும்பைக்கூட நான் செய்ததில்லை. பிடுங்கி எறிந்தது எத்தனையோ ஆயிரம். முதல் ஆண்டு பெரும்பாலானதை எறிவோம். மிச்சத்தை நட்டு அடுத்த ஆண்டு அதிலும் எறிவோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒன்றோ இரண்டோ தேறும். அடுத்த கலப்புக்குத் தேறியதிலிருந்துதான் தொடங்குவோம். மறுபடி காட்டு நாணலுக்குப் போக மாட்டோம். உங்கள் காணொளிக்காரர் ஒவ்வொரு முறையும் நாணலுக்குப் போய்த் தொடங்குகிற மாதிரித் தெரிகிறது எனக்கு.

எறிந்தது மனிதன்தானே, அதுவும் அறிவுதானே என்று கேட்பீர்கள். சரி, செவ்வழுகல் நோயைப் பாருங்கள். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பும் நடுவில் வெள்ளைத் திட்டும், சாராய வாடை. அதைத் தாங்கும் ரகம் ஒன்றை உயிரைக் கொடுத்துத் தேர்ந்தெடுத்து வயலுக்கு அனுப்புவோம். சில ஆண்டு நன்றாக இருக்கும். பிறகு அதே ரகத்தில் அதே நோய் வரும், ஏனென்றால் பூஞ்சை மாறியிருக்கும். எங்கள் ரகத்தில் வாழ முடியாத பூஞ்சை செத்தது, வாழ முடிந்த ஒன்றிரண்டு பெருகியது. அங்கே எறிந்த கை யாருடையது? நாங்கள் நட்ட கரும்பேதான் எறிந்தது. பருத்தியிலும் இதே கதை. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்திக்கு நம் நாட்டில் 2002-இல் அனுமதி கிடைத்தது. அதன் முதல் வகை நஞ்சுக்குச் சாகாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் வந்துவிட்டது என்று 2010-இல் செய்தி வந்தது. அந்தப் புழுவை யாரும் வடிவமைக்கவில்லை. வராமல் இருக்கத்தான் அத்தனை பேரும் பாடுபட்டோம்.

பதில் 3: பட்டறைக்காரன், கணபதி

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் பூஞ்சை பூஞ்சையாகவே இருக்கிறது, புழு புழுவாகவே இருக்கிறது. நஞ்சுக்குப் பழகுவதையும் புதிதாக ஒரு இயந்திரம் உண்டாவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நான் முப்பது ஆண்டுகளாகப் பம்ப்செட் மோட்டார் செய்கிறவன். மோட்டாரைப் பார்த்தால் மோட்டார் என்று எனக்குத் தெரியும். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் வாலைப் பாருங்கள், கசையிழை என்கிறார்கள். சுழலும் ரோட்டார், நிற்கும் ஸ்டேட்டார், தண்டு, புஷ், வளைந்து திரும்பும் இணைப்பு எல்லாம் இருக்கின்றன. நேர்ச்சுற்றும் சுற்றும், எதிர்ச்சுற்றும் சுற்றும். நான் செய்யும் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று. அது 18,000 சுற்று வரைகூடச் சுற்றும் என்கிறார்கள். மின்சாரத்துக்குப் பதிலாகப் புரோட்டான் ஓட்டம்.

மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியலாளர் 1996-இல் சொன்னது இதைத்தான். எலிப்பொறியில் ஸ்பிரிங், கம்பி, பலகை, கொக்கி, எதைக் கழற்றினாலும் பாதி எலி பிடிக்காது, எலியே பிடிக்காது. பாதி மோட்டாரால் என்ன லாபம்? லாபம் இல்லாததை இயற்கைத் தேர்வு எப்படி வைத்துக்கொள்ளும்? கணிதத்திலும் ஓர் ஆதாரம் இருக்கிறது. உல்பர்ட், மக்ரெடி என்ற இருவர் 1997-இல் நிறுவினார்கள்: எல்லாச் சாத்தியமான தேடல் சிக்கல்களையும் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் முறையும் குருட்டுத் தேடலைவிட உயர்ந்ததில்லை. பரிணாமமும் ஒரு தேடல்தானே? அது நன்றாக வேலை செய்கிறது என்றால் யாரோ அதற்குள் முன்கூட்டியே விடையை வைத்திருக்கிறார்கள்.

நான் சாமி பூதம் பேசவில்லை. பட்டறையில் நிற்கிறவனுக்கு எழும் கேள்வி இது.

கணக்கு டீச்சர்

கரும்பு அண்ணனுக்கு முதலில் ஒரு கும்பிடு. நீங்கள் சொன்னதைக் கணக்காக்கிப் பார்த்தேன்.

லூடோ விளையாடும் பகடை பத்து வாங்கினேன். பத்திலும் ஆறு விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்தையும் சேர்த்து உருட்டினால் 6-இன் அடுக்கு 10, அதாவது 6,04,66,176-இல் ஒன்று. ஓர் உருட்டலுக்குப் பத்து நொடி வைத்தால் இரவு பகல் பாராமல் சராசரியாகப் பத்தொன்பது ஆண்டு. அதே பகடைகளில் ஆறு விழுந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் உருட்டினால் சராசரி பதினாறு பதினேழு உருட்டலில் முடிந்துவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பையனை உட்காரவைத்தேன். பதினான்காவது உருட்டலில் முடித்துவிட்டு "இன்னொரு ஆட்டம்" என்றான். பத்தொன்பது ஆண்டு எங்கே, மூன்று நிமிடம் எங்கே? இரண்டிலும் பகடை அதே பகடைதான்.

விடைத்தாள் ஓரத்தில் எழுத வார்த்தை கிடைக்கவில்லை என்றேனே, கிடைத்துவிட்டது: "கூறுவெளி தவறு." கூறுவெளி என்றால் ஒரு சோதனையில் நேரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு. 150 மணியையும் ஒரே வீச்சில் வீசினால் என்ன வாய்ப்பு என்ற கேள்விக்கு 195 சுழியங்கள் சரியான விடை. ஆனால் அந்தக் கேள்வியைப் பரிணாமம் கேட்கவே இல்லை. டெம்ப்ஸ்கி தன் விதிப்படி பார்த்தாலும், தற்செயலை மட்டும் தள்ளிவிட்டு வடிவமைப்புக்குத் தாண்டக் கூடாது. சிறுகச் சிறுகச் சேரும் வழிக்கும் நிகழ்தகவு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். பட்டறைத் தம்பி சொன்ன கசையிழைக்கு அவர் 2002-இல் போட்ட கணக்கையும் தேடிப் படித்தேன். அதிலும் புரதங்கள் எங்கிருந்தோ வந்து ஒரே நேரத்தில் தற்செயலாகக் கூடுவதற்குத்தான் போட்டிருக்கிறார்.

தம்பி உடனே மடக்குவார், ஆறை ஒதுக்கி வைக்கும் கைக்கு விடை தெரியுமே என்று. உண்மை. என் பகடை ஆட்டத்தில் அந்த ஓட்டை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் செவ்வழுகல் பூஞ்சையின் ஆட்டத்தில் "ஆறு" என்று யாரும் முன்னால் எழுதி வைக்கவில்லை. பிழைத்தது எதுவோ அதுவே அன்றைக்கு ஆறு. கரும்பு ரகம் மாறினால் ஆறும் மாறும்.

இனி 1997 தேற்றம். தேற்றம் சரி. அதை நம் ஊரில் தண்ணீருக்குப் போர்வெல் போடுவதோடு வைத்துப் பாருங்கள். நிலத்துக்கு அடியில் தண்ணீர் அடிக்கு அடி எந்தத் தொடர்பும் இல்லாமல் சிதறிக் கிடந்தால், தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர், கருவி கொண்டுவரும் நிலநூல் படித்தவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிகிறவர் மூவருக்கும் ஒரே பலன்தான். தேற்றம் சொல்வது அந்த நிலத்தை. அதாவது எல்லா வகை நிலத்தின் சராசரியை. நம் நிலம் அப்படி இல்லை. பாறை வெடிப்பு நீள ஓடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் எண்ணூறு அடியில் தண்ணீர் என்றால் நம் தோட்டத்தில் ஆயிரம் அடி வரை ஒரு நம்பிக்கை இருக்கிறது. (போன வைகாசியில் எங்களுக்கு ஆயிரத்து இருநூறு அடியிலும் புகைதான் வந்தது. அது தனிக்கதை.) புரதத்திலும் ஒரு மணியை மாற்றினால் பெரும்பாலும் கிட்டத்தட்ட அதே வேலை செய்யும் புரதம்தான் கிடைக்கிறது என்று படித்தேன். அக்கம்பக்கம் ஒத்துப்போகும் நிலத்தில் படிப்படியாகத் தேடுவது பலன் தரும். நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் அது இயற்பியலிடமும் வேதியியலிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

பாதி மோட்டார் பற்றி ஒன்றே ஒன்று. நம் கோவைக் கிரைண்டரில் பெல்ட்டைக் கழற்றினால் மாவு அரைபடாது. அதனால் பெல்ட் வருமுன் கல்லுக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடுமா? என் அம்மிச்சி அதே கல்லில் கையால்தான் ஆட்டினார். அன்றைக்குக் குழவி சுற்றியது, கல் நின்றது. இன்றைக்குக் கல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது. இப்போது எதைக் கழற்றினாலும் நிற்கிறது என்பதை வைத்து, அது எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியாது. கிரைண்டரைச் செய்தவர் ஒருவர் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எலிப்பொறி வாதத்தில் உள்ள ஓட்டையைக் காட்டவே கிரைண்டரை எடுத்தேன்.

பதில் 4: நுண்ணுயிரியல் மாணவி, பெருந்துறை

டீச்சர், உங்கள் ஆட்டுக்கல் பாக்டீரியாவிலும் இருக்கிறது. பிளேக் கிருமி போன்ற சில பாக்டீரியாக்கள் நம் உயிரணுவுக்குள் புரதத்தைச் செலுத்த ஊசி மாதிரி ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. அதன் அடிப்பகுதியும் கசையிழையின் அடிப்பகுதியும் உறவுமுறை. பல புரதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவை. சுழலாமலேயே வேறு வேலை பார்க்கிறது. ஊசி முந்தியதா வால் முந்தியதா என்றால் வால்தான் முந்தியது என்றே பலரும் கருதுகிறார்கள், ஆகவே ஊசி வாலாகியது என்று யாராவது சொன்னால் அது அவசரம். சில பாகங்கள் இல்லாமலும் மற்றவற்றுக்கு வேலை உண்டு என்பதுவரை உறுதி.

பட்டறை அண்ணாவுக்கு ஒன்று. ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற அமெரிக்க உயிரியலாளர் 1988-இல் ஒரே ஈ.கோலையிலிருந்து 12 குடுவைகளைத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். உணவில் குளுக்கோஸ் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. காற்று இருக்கும்போது ஈ.கோலையால் சிட்ரேட்டைச் சாப்பிட முடியாது. அது அந்த இனத்தின் அடையாளங்களில் ஒன்று. சுமார் 31,500 தலைமுறை கழித்து ஒரே ஒரு குடுவை மட்டும் கலங்கலாகப் பெருகியது. சிட்ரேட்டைச் சாப்பிடக் கற்றிருந்தது. உறையவைத்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். 20,000 தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளில்தான் அது திரும்ப வந்தது. நடுவில் ஏதோ ஒரு மாற்றம், அப்போதைக்குப் பயன் தெரியாமல், வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

பட்டறைக்காரன்

தங்கச்சி, அதைப் பற்றி பீஹி எழுதியதையும் படித்தேன். சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் புரதம் ஏற்கெனவே இருந்தது. அதன் மரபணு நகல் ஒன்று, காற்றிலும் வேலை செய்யும் வேறொரு சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவ்வளவுதான். வயரை மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரியும். விளக்கைச் செய்தது யார்?

மாணவி

அண்ணா, நகல் எடுத்து, இடம் மாற்றி, வேறு சுவிட்சில் மாட்டுவதுதான் பரிணாமத்தின் பெரும்பாலான வேலை. பழைய பாகத்தைப் புது வேலைக்குப் போடுவது குறை என்றால், கோவையில் பாதிப் பட்டறைகளை மூட வேண்டும்.

பட்டறைக்காரன்

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கிரைண்டர் உவமையும் சரி. எலிப்பொறியை இனி இவ்வளவு வேகமாக எடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன். ஆறை ஒதுக்கி வைக்க வேண்டுமென்றால் பகடை தன்னைத்தானே நகல் எடுக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நகல் எடுக்கத் தெரியாத பகடையில் பிழைத்தது, செத்தது என்ற பேச்சே இல்லை. அந்த முதல் பகடை எங்கிருந்து வந்தது? அங்கே டீச்சரம்மாவின் மூன்று நிமிடம் உதவாது, பத்தொன்பது ஆண்டுதான்.

கணக்கு டீச்சர்

தம்பி, இது நல்ல கேள்வி. முழு மதிப்பெண். நகல் தொடங்குமுன் தேர்வு கிடையாது என்பதை நான் கணக்கிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. டார்வினின் 1859 நூலும் உயிர் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் 195 சுழியங்களை அங்கே கொண்டுபோய் வைக்க என் கை வரவில்லை. முதல் நகலெடுப்பி 150 மணி மாலையாகத்தான் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? அது புரதம்தானா? எத்தனை வேறு வேறு மாலைகள் அந்த வேலையைச் செய்யும்? மணிகள் ஒன்றோடொன்று சமவாய்ப்பில் சேருமா, சில மணிகள் சிலவற்றைத் தேடிப்போய் ஒட்டுமா? மில்லர் என்ற வேதியியலாளர் 1953-இல் வாயுக்களை அடைத்து மின்பொறி விட்டபோது சில அமினோ அமிலங்கள் தாமாகவே வந்தன. கிளைசின் நிறைய, மற்றவை கொஞ்சம் கொஞ்சம். சமவாய்ப்பு அங்கேயே போய்விட்டது. தொகுதி தெரியாது, பகுதி தெரியாது; அந்தப் பின்னத்துக்கு மதிப்பு எழுதச் சொன்னால் நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "தெரியவில்லை" என்று எழுதிய பையனுக்கு நான் சுழியம் போட்டிருக்கிறேன். ஆனால் தெரியாததற்குப் பத்துத் தசமத் திருத்தமாக விடை எழுதியவனைத்தான் எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

கொழுந்தனார் மகனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "பெரியம்மா, கூறுவெளியை ஒப்புக்கொள்கிறேன், போர்வெல் உவமையை ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று பதில் வந்தது. சித்திரைக்கு வருகிறான். பத்துப் பகடையும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

முந்தாநாள் இரவு எங்கள் மயிலைப் பசு கன்று ஈன்றது. காளைக்கன்று, நல்ல செவலை. படம் அனுப்பினேன். "அம்மா வெள்ளையாக இருக்கிறது, பாப்பா ஏன் சிவப்பு?" என்று அவன் மகள் குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள். ஆறு மாதம் கழித்து வந்து பார், அப்போது அது சிவப்பாக இருக்காது என்று சொல்லியிருக்கிறேன். ஏன் மாறுகிறது என்று அடுத்துக் கேட்பாள். கரும்பு அண்ணன், மாட்டைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.